மணியடிக்கும் பெட்டியும் அண்ணனின் மூக்கும்

"ஈ பெட்டி ஆருடே?"

உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு போகும் பேருந்து, மலையேற்றம் தொடங்குவதற்கு முன்பு வரும் சோதனைச் சாவடியில் நின்றிருந்தது. காலை பத்து மணி இருக்கும். காவலர் ஒருவர் இருக்கை இருக்கையாகப் பார்த்துக்கொண்டே வந்து, என் காலடியில் இருந்த தகரப் பெட்டியின் முன் நின்றுவிட்டார்.

"என்னுதுங்க," என்றேன்.

"தொறக்கூ."

திறந்தேன். உள்ளே வரிசை வரிசையாக ஐ.சி.கள் எனப்படும் கறுப்பு மின்னணுச் சில்லுகள். அவற்றுக்கு இடையே சிவப்பு, மஞ்சள், நீலத்தில் கொசகொசவென்று ஒயர்கள். வீட்டு வாசலில் மாட்டும் மின்சார மணி ஒன்று. எண்கள் தெரிவதற்கான இரண்டு கண்ணாடிச் சில்லுகள். ஓர் ஓரத்தில் சுருட்டி வைத்த நீள ஒயர். அதன் நுனியில் மிளகு அளவில் ஓர் உருண்டை.

அது அவசர நிலை அமலில் இருந்த காலம். பேருந்துகளில்கூட ஜனங்கள் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். அவரைக்காய்க் கூடையோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், கூடையைத் தூக்கிக்கொண்டு பின் இருக்கைக்குப் போய்விட்டாள்.

என்னையும் பெட்டியையும் கீழே இறக்கினார்கள். புளிய மரத்தடியில் நாற்காலி போட்டு எஸ்.ஐ. டீ குடித்துக்கொண்டிருந்தார். நடுத்தர வயது, தமிழ் நன்றாகவே பேசினார்.

"இது என்னம்மா?"

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. சொல்லக் கூடாத சொல்தான் வாயில் வந்தது.

"கம்ப்யூட்டருங்க."

"கம்ப்யூட்டரா? அது ஒரு ரூம் அளவுக்கு இருக்குமே. பேப்பர்ல போட்டோ பாத்திருக்கேன்."

"இது சின்னதுங்க. ஒரே ஒரு வேலைதான் செய்யும். சூடு ஏறி எறங்குனா மணியடிக்கும்."

எஸ்.ஐ.யும் காவலரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மணி மட்டும்தான் அடிக்குமா, வேற ஏதாவதும் வெடிக்குமா?" என்றார் எஸ்.ஐ. டீ கிளாஸைக் கீழே வைத்தார். "ஓட்டிக் காட்டு. இங்கயே."

இது எதற்கு, யாருக்கு என்று உண்மையைச் சொல்லியிருந்தால் ஒருவேளை அப்போதே விட்டிருப்பார். என்னால் சொல்ல முடியவில்லை. அந்தப் பேருந்தில் பாதிப் பேர் எஸ்டேட் ஜனங்கள். நான் அங்கே சொல்வது, நான் போய்ச் சேர்வதற்குள் தேயிலை ஃபேக்டரிக்குப் போய்விடும். என் அண்ணன் வேலையே அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

பதினாலு கால் பூச்சிகள்

பெட்டி பிறந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பாலக்காட்டுக்குப் பக்கத்தில், அளவைக் கருவிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் சோதனைப் பிரிவில் இருந்தேன். பெருமாட்டியில் எங்கள் வீடு. தினமும் இரண்டு பேருந்து மாறிப் போவேன். என் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். கழிப்பறைக்கு அலுவலகக் கட்டடம்வரை நடக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு குறை ஒன்றும் சொல்வதற்கில்லை.

வெளியிலிருந்து வரும் ஐ.சி.களைச் சரிபார்ப்பது என் வேலை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்துக்கு ஏழாகப் பதினாலு கால். கவிழ்ந்து கிடந்தால் செத்த பூச்சி மாதிரி இருக்கும். ஒன்றின் உள்ளே நான்கு சின்னச் சின்ன முடிவெடுப்பான்கள் உண்டு, 'கேட்' என்போம். இரண்டு செய்தி வந்தால் ஒரு பதில் சொல்லும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ஆனால் அப்படிப்பட்டவற்றைச் சரியாகக் கோத்தால் எண்ணும், கூட்டும், நினைவில் வைத்துக்கொள்ளும்.

நான்கில் ஒரு கேட் வேலை செய்யாவிட்டாலும் முழு ஐ.சி.யும் குப்பைக்குப் போகும். மீதி மூன்றும் நன்றாக இருக்கும். அவற்றை வீச எனக்கு மனம் வராது. ஒருநாள் என் மேலதிகாரியிடம் எழுத்து மூலமாகவே கேட்டுவிட்டேன்: கழித்தவற்றை நான் எடுத்துக்கொள்ளலாமா?

அவர் கடிதத்தைப் படித்துவிட்டு, "இதை வெச்சு என்ன செய்யப் போறே? கம்மலா?" என்று கேட்டார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஒரு வருடத்தில் ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையச் சேர்ந்தது. எதில் எந்தக் கேட் செத்தது என்று ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைப் பெயின்டால் புள்ளி வைத்திருந்தேன். சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் அவற்றைக் கோத்துக் கூட்டல் போட வைப்பேன். ஏழும் ஐந்தும் பன்னிரண்டு என்று முதல்முறை விளக்கு எரிந்த அன்று, அதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் மாட்டுக் கொட்டகைக்குப் போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

தரையில் விரித்த படம்

இன்னொரு பைத்தியமும் எனக்கு இருந்தது. ஐ.சி.க்கு உள்ளே இருப்பது என்ன?

கல்லூரி நாட்களில் கோயம்புத்தூரில் ஒரு பழைய சஞ்சிகையில் பார்த்திருந்தேன். நகக்கண் அளவு சிலிக்கானில் மெல்லிய அடுக்குகள். ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு படம். முதலில் அந்தப் படத்தைப் பாய் அளவுக்குப் பெரிதாகக் கையால் வரைவார்கள். பிறகு சுருக்கிச் சுருக்கிச் சிலிக்கானில் பதிப்பார்கள். படம் வரைவதுதானே, அதற்கு ஆலை எதற்கு என்று தோன்றிவிட்டது எனக்கு.

கிராஃப் தாள்களை ஒட்டி ஒட்டிக் கூடத்துத் தரையில் விரித்தேன். சிலிக்கான் அடுக்குக்குப் பச்சைப் பென்சில், உலோகக் கம்பிக்கு நீலம், இரண்டும் தொடும் இடத்துக்குக் கறுப்பு. ஒரு கேட்டுக்கு உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்களில் ஒன்றை வரைய அரை மணி நேரம். அதை யாரும் எனக்கு வார்த்துத் தரப்போவதில்லை என்று தெரியும். பாட்டுக் கற்றுக்கொள்கிறவர்கள் எல்லாரும் கச்சேரிக்காகவா கற்றுக்கொள்கிறார்கள்?

அண்ணன் லீவில் வந்திருந்தபோது அந்தப் படத்துக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தார்.

அண்ணன் பெயர் வேலுச்சாமி. என்னைவிட எட்டு வயது மூத்தவர். தென்னந்தோப்பு எனக்கு வேண்டாம் என்று பதினெட்டு வயதில் மலையேறிப் போனவர். மாட்டுப்பட்டிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் எடுபிடியாகச் சேர்ந்து, அப்போது அந்த ஃபேக்டரிக்கே டீமேக்கர். கொழுந்து உள்ளே வருவதிலிருந்து தூளாகி வெளியே போகும்வரை அவர் பொறுப்பு. அங்கேயே ஒரு தெற்கத்திக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்த பேச்சியம்மாளைக் கட்டிக்கொண்டார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்றுதான் கூப்பிடுவோம்.

படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், நீலக் கோடு ஒன்றின் மேல் விரலை வைத்தார்.

"ஏனம்மிணி, இது வாய்க்கா மாதர போகுது. இதும் மேல இன்னொரு வாய்க்கா குறுக்க போகுதே. தண்ணி கலந்துறாது?"

பார்த்தேன். கலந்துதான் விடும். ஒரே அடுக்கில் இரண்டு கம்பிகளைக் குறுக்கே விட்டிருந்தேன். மூன்று வாரமாக என் கண்ணில் படாத தப்பு.

"கலந்துருங்கண்ணா."

"அப்ப ஒண்ண அடியில விட்டுக் கொண்டுபோ. நம்ம தோப்புல ரோட்டுக்கு அடியில கொழா போட்டிருக்குதில்ல, அந்த மாதர."

பச்சைப் பென்சிலை எடுத்தேன். உலோகக் கம்பியை நிறுத்தி, கீழ் அடுக்கு வழியாக நுழைத்து, மறுபக்கம் மேலே ஏற்றினேன். உண்மையான ஐ.சி.களிலும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் மூக்கில் ஏறியது. பால் தீய்ந்த நாற்றம். அம்மா தோட்டத்தில் இருந்தாள். நான் ஓடிப்போய்ப் பாத்திரத்தை இறக்கினேன். அடுப்படி முழுக்கப் புகை. கண்ணெல்லாம் எரிந்தது.

திரும்பி வந்தால், அடுப்படிக் கதவுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்த அண்ணன் அதே கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"ஏனுங்கண்ணா, பால் தீஞ்சது தெரீலீங்களா?"

அவர் முகம் மாறியது.

"மழைக்காலத்துல ஒரு காய்ச்சல் வந்துச்சு. காய்ச்சல் போயிருச்சு. மூக்கையும் கூட்டிக்கிட்டுப் போயிருச்சு," என்றார். "நாலு மாசமாச்சு அம்மிணி. மல்லிப்பூவும் மாட்டுச் சாணியும் ஒண்ணுதான் எனக்கு."

உச்சிக்கு வரும் நேரம்

டீமேக்கருக்கு மூக்குப் போவது பாடகருக்குக் காது போவது மாதிரி. இதைப் புரிந்துகொள்ள, தேயிலை எப்படித் தேயிலை ஆகிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும்.

கொழுந்தை வாட்டி, ரோலரில் கசக்கி, ஓர் அறையில் பாத்தி பாத்தியாகப் பரப்பி வைப்பார்கள். அங்கே அது தானாகவே புளிக்கும். பச்சை நிறம் போய்ச் செம்பு நிறம் வரும். பச்சை வாடை போய், பழம் கனிந்த மாதிரி ஒரு வாசம் எழும். அந்த வாசம் உச்சிக்கு வரும் நேரத்தில் அள்ளி, டிரையருக்குள் போட்டுக் காயவைத்துவிட வேண்டும். முன்னால் எடுத்தால் டீ கசக்கும். பின்னால் எடுத்தால் சப்பென்று போகும். எப்போது எடுப்பது என்று சொல்வது டீமேக்கரின் மூக்கு.

நான்கு மாதமாக அண்ணன் நிறத்தைப் பார்த்தும் கடிகாரத்தைப் பார்த்தும் சமாளித்துக்கொண்டிருந்தார். கொச்சியில் ருசி பார்ப்பவர்களிடமிருந்து வரும் அறிக்கை வாராவாரம் மோசமாகிக்கொண்டிருந்தது. எஸ்டேட் டாக்டர், "வந்தாலும் வரும், வராமலும் போகும்" என்று சொல்லியிருந்தார். எஸ்டேட் மேனேஜரான பெரிய துரைக்குத் தெரிந்தால் வேலை போகும். வேலையோடு குடியிருக்கும் குவார்ட்டர்ஸும் போகும்.

"வாசத்தைத் தவிர வேற என்ன மாறுமுங்கண்ணா?" என்று கேட்டேன்.

யோசித்தார். "சூடு. பரப்பி வெச்ச கொழுந்துல கைய விட்டா வெதுவெதுன்னு ஏறிக்கிட்டே வரும். வாசம் உச்சிக்கு வர்றப்ப சூடும் உச்சியில இருக்கும். அப்பறம் எறங்கிப்போகும். ஆனா எறங்க ஆரம்பிக்கறது கைக்குத் தெரியாது. தெரியறப்ப நேரங் கடந்திருக்கும்."

தெர்மாமீட்டர் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அரை டிகிரி, கால் டிகிரி இறக்கத்தைக் கண்டுபிடிக்க அதையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். டீமேக்கர் ஓரிடத்தில் நிற்க முடியாது. ரோலரும் டிரையரும் அவர் பொறுப்புதான். அதோடு, நேற்றுவரை மூக்கால் பார்த்தவர் இன்று தெர்மாமீட்டரோடு நின்றால் ஏன் என்று கேட்பார்கள்.

நின்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். அலுக்காத ஆள். ஹார்லிக்ஸ் பாட்டிலில் அப்படிப்பட்டவர்கள் எனக்கு நிறையவே இருந்தார்கள்.

பெட்டியின் வேலை எளிமையானது. ஒயர் நுனியில் இருக்கும் உருண்டை, சூடு ஏற ஏற மின்சாரத்தை எளிதாக விடும். அதனால் ஒரு துடிப்பு வேகமாகும். பெட்டி அந்தத் துடிப்பை எண்ணி, முந்தைய எண்ணோடு ஒப்பிடும். கூடினால் சும்மா இருக்கும். சமமாக இருந்தாலும் சும்மா இருக்கும். இடையில் கூடாமல் மூன்று முறை குறைந்தால் மணியடிக்கும்.

அதைக் கட்டி முடிக்க எனக்கு இரண்டரை மாதம் ஆயிற்று. செத்த கேட்களைச் சுற்றி வழி கண்டுபிடிப்பதிலேயே பாதி நாள் போனது. கோயம்புத்தூரில் ஒரு ரேடியோ ரிப்பேர்க் கடைக்காரர் எங்கிருந்தோ இரண்டு சிவப்பு எண் விளக்குகள் வாங்கிக் கொடுத்தார். வீட்டில் வெந்நீர்ச் சொம்பில் விட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் சரியாக அடித்தது. மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பேருந்து ஏறினேன்.

எஸ்.ஐ.யின் தொப்பி

சாவடியில் மின்சாரம் இல்லை. பேருந்து ஓட்டுநர்தான் இறங்கி வந்தார்.

"பன்னெண்டு வோல்ட் போதுமாம்மா? என் பேட்டரியில எடுத்துக்க. சீக்கிரம் முடி, நான் நேரத்துக்கு மறையூர் போகணும்."

இரண்டு ஒயரை இழுத்துப் பெட்டியில் கொடுத்தேன். சிவப்பு எண்கள் எரிந்ததும் காவலர் இரண்டடி பின்னால் போனார். எஸ்.ஐ.க்கு வந்திருந்த இரண்டாவது டீயை வாங்கி, ஒயர் நுனியை அதற்குள் விட்டேன். எண்கள் ஏறின. சுற்றி நின்றவர்கள் சத்தம் போட்டே எண்ணினார்கள்.

பாதி ஏறும்போதே மணி அடித்துவிட்டது.

"சூடு எறங்குனா அடிக்கும்னு சொன்னே," என்றார் எஸ்.ஐ. "டீயில ஆவி பறக்குது."

மறுபடியும் போட்டேன். மறுபடியும் முன்கூட்டியே அடித்தது. எஸ்.ஐ. காவலரைப் பார்த்து ஏதோ சைகை செய்தார். காவலர் பெட்டியின் கைப்பிடியில் கை வைத்துவிட்டார்.

அப்போதுதான் என் முந்தானை பறந்து முகத்தில் அடித்தது. காற்று. மலையடிவாரத்துக் காற்று சீறிக்கொண்டிருந்தது. ஒயர் நுனி டீக்கு வெளியே பாதி நீட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வீச்சுக்கும் அது ஒரு கணம் குளிர்கிறது. பெட்டி நொடிக்கு ஒரு முறை பார்த்து, "குறைந்தது, குறைந்தது, குறைந்தது" என்று எண்ணிவிடுகிறது. எங்கள் வீட்டு அடுப்படியில் காற்று ஏது?

"ஏனுங் சார், காத்துங்க. கிளாஸை மூடோணும். ஏதாச்சும் குடுங்க."

எஸ்.ஐ. சுற்றிப் பார்த்தார். மூட எதுவும் கிடைக்கவில்லை. தன் தொப்பியைக் கழற்றிக் கிளாஸின் மேல் கவிழ்த்தார்.

எண்கள் நிதானமாக ஏறின. நின்றன. பிறகு ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பேருந்தே இறங்கி வந்து சுற்றி நின்றது. அவரைக்காய் அம்மாள் கூடையைத் தலையில் வைத்தபடி முன்வரிசைக்கே வந்துவிட்டாள். ஓர் எண் குறைந்தது. "ஒண்ணு," என்றார் காவலர். வெகுநேரம் கழித்து இன்னொன்று. "ரெண்டு."

மூன்றாவது குறைந்ததும் மணி கணகணவென்று அடித்தது. யாரோ கைதட்டினார்கள். எஸ்.ஐ. தொப்பியை எடுத்துவிட்டு டீயைக் குடித்துப் பார்த்தார்.

"ஆறிப்போச்சு. உன் பெட்டி சொல்றது சரிதான்," என்றார். "எங்கே கொண்டுபோறே?"

"அண்ணனுக்குங்க. தேயிலை வேலைக்கு," என்றேன், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

"கம்ப்யூட்டர்னு இனி எங்கயும் சொல்லாதே. சூடு பாக்கற கருவின்னு சொல்லு. போ."

மறையூர் தாண்டிச் சந்தன மரக் காட்டு வழியே பேருந்து வளைந்து வளைந்து ஏறும்போது எனக்குப் பயம் போய்ச் சிரிப்பு வந்தது. பிறகு வேறொரு பயம். அந்தக் காற்று மட்டும் அங்கே வீசாமல் இருந்திருந்தால், பெட்டியை அப்படியே கொண்டுபோய் ஃபேக்டரியில் வைத்திருப்பேன். அங்கே ஜன்னல் திறக்கும்போதெல்லாம் தப்பான நேரத்தில் அடித்திருக்கும்.

துரை வந்த சனிக்கிழமை

குவார்ட்டர்ஸில் நங்கை வெந்நீர் வைத்துக் காத்திருந்தாள்.

"வந்துட்டியாட்டி? அவிய ரெண்டு நாளா ஒழுங்கா சாப்பிடல. 'அம்மிணி வருது, அம்மிணி வருது'ன்னு அதையேதான் சொல்லுதாவ."

அன்று சாயங்காலம் பெட்டியைப் பிரித்து, நொடிக்கு ஒரு முறை என்பதை நிமிடத்துக்கு ஒரு முறை என்று மாற்றினேன். ஒயர் நுனியை மெல்லிய துணியில் சுற்றி, கொழுந்துக்குள் ஆழமாகப் புதைக்கும்படி ஒரு மூங்கில் குச்சியில் கட்டினேன். மறுநாள் காலை புளிக்கும் அறையில், ஒரு மரத் தடுப்புக்குப் பின்னால் வைத்தோம். சத்தம் பக்கத்து அறையோடு நிற்கும்படி மணியைச் சுற்றித் துணி.

கேட்டவர்களிடம், "தங்கச்சி கம்பெனியில சோதன பண்ணக் குடுத்த சாமான்" என்று அண்ணன் சொல்லிவைத்தார். அந்தப் பொய் எனக்குப் பிடிக்கவில்லை. அவருக்கும் பிடிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

ஒரு மாதத்தில் கொச்சி அறிக்கை பழையபடி ஆனது. பெட்டி எப்படி இருக்கிறது என்று பார்க்க மறுபடியும் போனேன். அது ஒரு சனிக்கிழமை. அண்ணன் பக்கத்து அறையில் ரோலரைப் பார்க்கப் போயிருந்தார். நான் மட்டும் அறையில் இருந்தேன். கதவைத் திறந்துகொண்டு பெரிய துரை வந்தார். மலையாளி, உயரமான மனிதர், யாரிடமும் அதிகம் பேசாதவர் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து மணி அடித்தது.

அண்ணன் ஓடி வந்தார். துரையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றார்.

"எந்தா இது வேலுச்சாமி?"

அண்ணன் வாயைத் திறந்தார். வழக்கமாகச் சொல்லும் பதில் அவர் வாயில் வரவில்லை.

"எனக்கு மூக்குப் போயி எட்டு மாசமாச்சுங்க தொரை. இது என் தங்கச்சி செஞ்சது. இது அடிச்சா அள்ளச் சொல்றேன். உங்ககிட்ட மறைச்சது தப்புங்க."

துரை அவரையே பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னை.

"முதல்ல அள்ளச் சொல்லு," என்றார். "மணி அடிச்சாச்சல்லோ."

அடுத்த மூன்று நாளும் பரீட்சை. ஒவ்வொரு நாள் கொழுந்தையும் இரண்டு பாத்தியாகப் பிரித்தார்கள். ஒன்றை அண்ணன் பெட்டியை வைத்து எடுக்க வேண்டும். மற்றதை உதவி டீமேக்கர் மூக்கை வைத்து எடுக்க வேண்டும். எது யாருடையது என்று சொல்லாமல் துரை இரண்டையும் ருசி பார்ப்பார். நான் தந்தி அடித்து லீவை நீட்டினேன்.

முதல் இரண்டு நாள் இருவரும் சில நிமிட வித்தியாசத்தில்தான் எடுத்தார்கள். துரையால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மூன்றாம் நாள் விடியும்போதே மழை. சொட்டச் சொட்ட நனைந்த கொழுந்து. பரப்பி வைத்தும் சூடு ஏறவே இல்லை. எண்கள் அதே இடத்தில் நின்றன. ஏறாத சூடு எப்படி இறங்கும்? மணி அடிக்காது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பெட்டிக்கு மழை நாள் என்று ஒன்று இருப்பதை நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை.

அண்ணன் பெட்டியைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு முழங்கைவரை கொழுந்துக்குள் விட்டார். ஒரு பிடி எடுத்துக் கசக்கினார். விரலில் ஒட்டியதைப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் நிறத்தைப் பார்த்தார். இன்னும் சற்று நேரம் பொறுத்தார். மறுபடியும் ஒரு பிடி.

"அள்ளுங்க," என்றார்.

உதவி டீமேக்கர் இன்னும் கொஞ்சம் காத்திருந்து எடுத்தார்.

துரை அன்று இரண்டு கோப்பைகளையும் மாற்றி மாற்றி மூன்று முறை ருசி பார்த்தார். நானும் நங்கையும் கதவுக்கு வெளியே நின்றோம். நங்கை என் கையைப் பிடித்திருந்தாள், நகம் பதிந்தது. துரை இடது பக்கக் கோப்பையை முன்னால் நகர்த்தினார். அது அண்ணனுடையது.

"இது கொள்ளாம், நல்லாயிருக்கு," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பெட்டிக்கு ஒரு மூடி வேணம். ஈரம் இறங்கும். பின்னே, மணியிலே துணி எதுக்கு? டிரையர் பக்கத்துல நின்னா கேக்கணும்."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. தோளில் இருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வேலுச்சாமி," என்றார் துரை, வெளியே போகும்போது. "இனி எங்கிட்ட ஒண்ணும் மறைக்கருது."

நங்கை அன்று கேசரி கிளறினாள். அண்ணனுக்கு அதன் வாசம் தெரியாது; ஆனாலும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்.

தினமும் ஒரு பந்தயம்

இரண்டு வருடம் கழித்து ஒரு மார்கழியில் போயிருந்தேன். மாட்டுப்பட்டி அணைப் பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி படிந்திருந்தது. அதற்குள் அண்ணனுக்கு வாசனை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியிருந்தது. முதலில் மண்ணெண்ணெய், பிறகு வெங்காயம், பிறகு மழை. கடைசியாக ஒரு காலை, புளிக்கும் அறைக் கதவைத் திறந்தபோது தேயிலை. "அன்னைக்கு வீட்டுக்கு வந்து சும்மா உக்காந்து சிரிச்சாவ, நான் பயந்தே போனேன்," என்றாள் நங்கை.

ஃபேக்டரிக்குப் போனேன். என் பெட்டி அதே இடத்தில் இருந்தது. மேலே தச்சர் செய்த மர மூடி. மணிக்குத் துணி இல்லை.

"மூக்குதான் வந்துருச்சே. இதை நான் எடுத்துட்டுப் போகட்டுங்களா?" என்று கேட்டேன். எனக்கு அந்த ஐ.சி.கள் வேறொன்றுக்கு வேண்டியிருந்தன. அப்போது பெருக்கல் போடும் இயந்திரம் ஒன்று பாதியில் நின்றிருந்தது.

"அதைத் தொடாதே," என்றார் அண்ணன். "எனக்கும் அதுக்கும் தினம் பந்தயம் நடக்குது. அது மணியடிக்கறதுக்கு முந்தி எனக்கு வாசம் வருதான்னு."

"யாருங்கண்ணா ஜெயிக்கறாங்க?"

அண்ணன் கொழுந்துப் பாத்தி மேல் குனிந்து ஒரு பிடி அள்ளினார். கண்ணை மூடி ஆழமாக மூச்சை இழுத்தார். முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது.

"நீதான்," என்றார். "மழ நாள்ல மட்டும் நானு."